80-க்கு 71 வாங்கிய பையனின் கல்லாப்பெட்டி

இரவு பத்தரை மணிக்கு அந்தப் பையன் போன் செய்தான். ஷட்டர் இறங்கும் சத்தம் முதலில் கேட்டது, அப்புறம்தான் அவன் குரல். "சார், வியாபாரம் நல்லாத்தான் போகுது. கையில காசுதான் நிக்க மாட்டேங்கு."

மருந்தாளுநர் பட்டயப் படிப்பான டி.பார்ம் இரண்டாம் வருடத்தில் என்னிடம் வணிகப் பாடம் படித்தவன். அது பழைய பாடத்திட்டக் காலம். பாடத்தின் பெயரே 'டிரக் ஸ்டோர் அண்ட் பிசினஸ் மேனேஜ்மென்ட்'. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, லாப நட்டக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. இவன் இருப்பாய்வை இரண்டு பக்கமும் ஒரு பைசா பிசகாமல் போட்டுக் காட்டுவான். தேர்வில் 80-க்கு 71. படிப்பு முடித்து, மருந்தாளுநராகப் பதிவு வாங்கி, அம்மாவின் நகையை அடகு வைத்து ஊரில் மருந்துக்கடை போட்டு அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

"வாசல்ல போர்டு எதும் வெச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். எல்லா மருந்துக்கும் 15 சதவீதம் தள்ளுபடி. பக்கத்துலயே பெரிய கம்பெனிக் கடை ஒண்ணு வந்துட்டு, அதான்."

"சரி, வரியைத் தள்ளிட்டு ஒரு அட்டையோட விலை 100 ரூவான்னு வெச்சுக்கோ. உனக்கு என்ன விலைக்கு வருது?"

"80 ரூவாய்க்கு சார்."

"85-க்கு விக்கிற, அஞ்சு ரூவா நிக்குது. எல்லா மருந்தும் 80-க்குத்தான் வருதா?"

மறுமுனையில் சத்தமே இல்லை.

பாராசிட்டமால், மெட்ஃபார்மின், அம்லோடிபின் போன்றவற்றுக்கு அரசு உச்ச விலை நிர்ணயிக்கிறது. 2013-ம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அந்த விலைக்குள் சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதம். இந்த 16, நாம் வாங்கும் விலையின் மேல் போடுவது. அதாவது 100-க்கு வாங்கி 116-க்கு விற்பது. திருப்பிப் போட்டால், 100 ரூபாய்க்கு விற்கும் அட்டை நமக்கு 86 ரூபாய் 20 காசுக்கு வருகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத மருந்துகளுக்கு வழக்கத்தில் இருக்கும் 20 சதவீதமோ விற்கும் விலையிலிருந்து கழிப்பது. இரண்டையும் 'பெர்சன்ட்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒன்று வாங்குகிற விலையில் நிற்கிறது, மற்றது விற்கிற விலையில் நிற்கிறது. 86 ரூபாய் 20 காசுக்கு வாங்கியதைப் பையன் 85-க்கு விற்றுக்கொண்டிருந்தான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குபவர்கள்தான் அவனுடைய நிரந்தர வாடிக்கை. கூட்டம் கூடக் கூட ஓட்டையும் பெரிதாகியிருக்கிறது.

"இதைக் கிளாஸ்ல நீங்க சொல்லலையே சார்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னான். நான் சொல்லவில்லைதான்.

சொல்லாததற்குக் காரணம் தெரியாமை இல்லை, வெட்கம். நான் பி.பார்ம் முடித்து 2009-ல் சங்கரன்கோவிலில் ஒரு மெடிக்கல் வைத்திருந்தேன். 2013-ல் மூடினேன். கல்லூரி வேலைக்கு மனுப் போட்டபோது அந்த நான்கு வருடத்தை 'முன் அனுபவம்' என்று எழுதினேனே தவிர, வகுப்பில் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. தோற்ற கதையை யார் பிள்ளைகளிடம் போய்ச் சொல்வார்கள்?

கூட்டம் இல்லாமல் அந்தக் கடை தோற்கவில்லை. அது தறி ஓடும் ஊர். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் கடைக்கு வருவார்கள். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் உட்கார நேரம் இருக்காது. செவ்வாய், புதனில் வருபவர்கள் "அண்ணாச்சி, சனிக்கிழமை தாரேன்" என்பார்கள். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? எழுதி வைத்துக்கொண்டு கொடுத்தேன். கடையை மூடிய அன்று கடன் நோட்டில் 63,000 ரூபாய் நின்றது. அதைப் பெயர் பெயராகக் கூட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. தறிக்காரர்கள் பாக்கி மொத்தமே ஒன்பதாயிரம் தேறவில்லை. மீதி முழுக்க, வாசலில் கார் நிற்கும் நாலைந்து வீடுகளுடையது. "மாசக் கடைசியில மொத்தமா செட்டில் பண்ணிருவோம் தம்பி" என்று சொன்னவர்கள். யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை ஆளின் சட்டையைப் பார்த்து முடிவு செய்திருக்கிறேன். அவர்களுக்குக் கூலி எந்தக் கிழமை வருகிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு ஓட்டை, ஸ்கீம். பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லும்போது ஒன்பது சதவீதம் கூடுதல் லாபம் என்று மனசு கணக்குப் போடும். எத்தனை விற்கும் என்ற கணக்கை மனசு போடாது. கடையைக் காலி செய்தபோது மூன்று அட்டைப்பெட்டி நிறைய காலாவதி மருந்து. பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தபோது நான் வாங்கிய கடனுக்கான வட்டியைத் தூக்குவது போல இருந்தது.

அந்தப் போன் வந்த மறு வாரம் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். முதல் தடவையாகப் பின் வரிசை தூங்கவில்லை.

அதற்கு முன் நான் முயற்சி செய்யாமல் இல்லை. நிர்வாகவியல் பேராசிரியர் ஒருவரை அழைத்து ஒரு நாள் பேச வைத்தோம். சந்தைப்படுத்தலின் நான்கு தூண்கள், பலம், பலவீனம் என்று படம் படமாகக் காட்டினார். நல்ல மனிதர், நன்றாகவும் பேசினார். பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். போகும்போது ஒரு பெண் கேட்டாள்: "சார், கால் அட்டை மாத்திரை கேட்டா குடுக்கணுமா, குடுக்கக் கூடாதா?" அவரிடம் பதில் இல்லை. அவர் மேல் தப்பில்லை. மருந்துக்கடை வியாபாரம் சோப்பு வியாபாரம் மாதிரி இல்லை. விலையை அரசோ கம்பெனியோ போடுகிறது, எதை வாங்க வேண்டும் என்பதை டாக்டர் சொல்கிறார், பணத்தை நோயாளி கொடுக்கிறார். நடுவில் நிற்கிற நமக்கு மிச்சம் இருக்கிற சுதந்திரம் இரண்டுதான்: எவ்வளவு வாங்கி அடுக்குகிறோம், எப்படிப் பேசுகிறோம்.

முதலாவதைச் சொல்லிக்கொடுக்க, எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரரிடம், அவர் மொத்த விற்பனை ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்ப வைத்திருந்த காலாவதிப் பெட்டியை இரண்டு நாள் இரவல் கேட்டேன். எண்ணிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார். ஆய்வுக்கூட மேசையில் கவிழ்த்தபோது பி காம்ப்ளெக்ஸ் வாசனை அறை முழுக்க அடித்தது. அட்டைகள், மூடி கசிந்து ஒட்டிக்கொண்ட சிரப் பாட்டில்கள், பாதி வெட்டின துண்டுகள், கண் சொட்டு மருந்து. தேதிவாரியாக அடுக்கத்தான் எல்லோரும் கை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றும் ஏன் விற்காமல் போனது என்று யோசித்துக் குவியல் போடச் சொன்னேன்.

ஒரு மணி நேரத்தில் நாலு குவியல் வந்தது. ஒன்று, ஸ்கீமுக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மேல் வாங்கியது. ஒரே மருந்து, ஒரே பேட்ச், ஏழெட்டு அட்டை இருந்தால் அது இதுதான். இரண்டாவது, பின்னால் ஒளிந்துகொண்டது. புதுச் சரக்கை முன்னால் அடுக்கிவிட்டார்கள். மூன்றாவது குவியலைப் பார்த்து முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒரு தோல் டாக்டர் எழுதக்கூடிய களிம்புகள், மாத்திரைகள், அத்தனையும் வெவ்வேறு கம்பெனி. கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டோம். "அந்த டாக்டர் மதுரைக்குப் போயிட்டாருங்க" என்றார். ஒரு டாக்டர் ஊர் மாறினால் அவர் எழுதிய பிராண்டுகள் அலமாரியிலேயே செத்துப்போகும். எனக்கும் இது நடந்திருக்கிறது, ஆனால் இப்படித் தனிக் குவியலாகப் பார்க்கும்வரை அதற்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை.

நாலாவது, வெட்டின அட்டைகள். பெரும்பாலான அட்டைகளில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். முதல் ஆளுக்கு அந்த ஓரத்தோடு வெட்டிக் கொடுத்துவிட்டால், மீதித் துண்டில் என்ன தேதி என்று கடைக்காரருக்கே தெரியாது. தெரியாததை விற்பது தப்பு, திருப்பி அனுப்பினால் ஏஜென்சியும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளாது. அன்று ஆளுக்கு ஒரு காலி அட்டையும் கத்தரிக்கோலும் கொடுத்து, தேதி இல்லாத பக்கத்திலிருந்து வெட்டப் பழக்கினேன். கேட்டால் சிரிப்பு வரும், இதற்கு ஒரு வகுப்பா என்று. 24 பேரில் 17 பேர் முதல் தடவை தப்பான பக்கத்தில்தான் கத்தரியை வைத்தார்கள்.

அந்தப் பெட்டியின் மொத்த மதிப்பு, கடைக்காரர் வாங்கிய விலையில், 11,340 ரூபாய். "முதலில் காலாவதியாவதை முதலில் விற்க வேண்டும்" என்ற விதியை அதற்கு முன் மூன்று வருடம் நான் எழுத்துக்கு எழுத்து சொல்லி எழுத வைத்திருக்கிறேன். 11,340 சம்பாதிக்க எவ்வளவு விற்க வேண்டும் என்று கரும்பலகையில் போட்டபோதுதான் (18 சதவீத லாபத்தில் 63,000 ரூபாய்க்கு!) பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த 63,000 வேறு என்னைப் பார்த்துச் சிரித்தது. என் கடன் நோட்டின் தொகையும் அதுதான் அல்லவா.

அடுத்த வாரம் கொள்முதல் பில். நிஜ பில், கடை பெயரையும் ஏஜென்சி பெயரையும் மறைத்து நகலெடுத்தது. பேட்ச், தேதி, எம்.ஆர்.பி., வரும் விலை, இலவசம், தள்ளுபடி, வரி என்று பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். இதைப் படிக்கத் தெரியாமல் கடை வைப்பது, சீட்டைப் படிக்கத் தெரியாமல் மருந்து கொடுப்பது மாதிரி. இதில்தான் ஸ்கீம் கணக்கையும் வைத்தேன். வரும் விலை 80, விற்கும் விலை 100, பத்துக்கு ஒன்று இலவசம். தேதிக்குள் ஏழுதான் விற்கிறது. ஸ்கீமில் எடுத்தவன் 800 கொடுத்து 700 பார்க்கிறான், 100 ரூபாய் நஷ்டம். தேவைக்கு இரண்டு மூன்றாக எடுத்தவன் 560 கொடுத்து அதே 700 பார்க்கிறான், 140 லாபம். திருப்பி அனுப்பினால் பணம் வருமே என்றான் ஒருவன். வரும். ஏஜென்சிக்கு ஏஜென்சி கெடு வேறு, பிடித்தம் வேறு, இலவசமாக வந்ததற்கு ஒன்றும் கிடைக்காது, மாதங்கள் கழித்து, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட்டாகத்தான் வரும். கிரெடிட் நோட்டைக் கொடுத்து வாடகை கட்ட முடியாது.

2025 செப்டம்பர் 22-ல் பெரும்பாலான மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது இந்தப் பில் வகுப்பு தானாகவே இன்னொரு பாடமாகிவிட்டது. 12 சதவீதம் கட்டி வாங்கிய சரக்கை 5 சதவீத வரியோடு விற்றார்கள். வித்தியாசம் வரிக் கணக்கில் வரவாகக் கிடந்தது, கல்லாவில் இல்லை. சரக்கு குறைவாக வைத்திருந்த கடைகளுக்கு வலி குறைவு.

இனி கடைக் கணக்கு. ஒரு தாலுகா ஊரில் சின்னக் கடை என்று வைத்து மாதச் செலவு எழுதச் சொல்வேன். வாடகை 8,000, கரண்ட் 3,000, உதவியாள் 10,000, பில் போடும் மென்பொருள், இணையம் எல்லாம் சேர்த்து 1,000, ஐந்து லட்சம் கடனுக்கு வட்டி 5,000. ஆக 27,000. லாபம் சராசரி 18 சதவீதம் என்றால் மாதம் ஒன்றரை லட்சம், நாளுக்கு 5,000 விற்றால் கடை தாக்குப்பிடிக்கும் என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எட்டு வருடமாக இந்தக் கணக்கைக் கொடுக்கிறேன். தன் சம்பளத்தைச் செலவில் எழுதிய மாணவர் இதுவரை இரண்டே பேர்.

"காலையில எட்டரைலருந்து ராத்திரி பத்து வரை நிக்கிற ஆளு யாரு? பக்கத்துக் கடையில போய் நின்னா உனக்கு என்ன தருவாங்க?" என்று கேட்டால்தான் உறைக்கும். 15,000 சேர்த்தால் 42,000. இப்போது நாளுக்குக் கிட்டத்தட்ட 7,800 விற்க வேண்டும். வாசலில் 10 சதவீதத் தள்ளுபடி போர்டு மாட்டினால்? 100 ரூபாய்ச் சரக்கு 90-க்குப் போகிறது, வாங்கியது 82, நிற்பது 8. அதே 42,000-ஐ எடுக்க நாளுக்கு 15,750 விற்க வேண்டும். பத்து சதவீதம்தானே என்று மாட்டிய போர்டு வேலையை இரட்டிப்பாக்கிவிட்டது. பெரிய சங்கிலிக் கடைகளால் எப்படி முடிகிறது என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். அவர்கள் வாங்கும் அளவு வேறு, வாங்கும் விலை வேறு, தங்கள் சொந்தப் பெயரில் போடும் பொருட்களில் நிற்கும் லாபம் வேறு. அவர்கள் போர்டைப் பார்த்து நாம் போர்டு வைப்பது, யானை போன தடத்தில் ஆடு போன கதை.

7,800 என்றால், சராசரி பில் 150 ரூபாய் வைத்தால், ஒரு நாளைக்கு 52 பேர் வர வேண்டும். வருவார்களா? இதற்கு வகுப்பில் பதில் கிடையாது. இரண்டிரண்டு பேராக ஒரு மாலை டீக்கடையில் உட்கார்ந்து எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வரச் சொல்வேன். பஸ் ஸ்டாண்டுக் கடையில் தலைகள் அதிகம், ஆனால் தலைவலி மாத்திரையும் வாந்தி மாத்திரையும்தான். கிளினிக் பக்கத்துக் கடையில் தலைகள் குறைவு, கையில் சீட்டு. அதே கடை ஞாயிற்றுக்கிழமை ஈயடிக்கும். ஒரு ஜோடி ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதியிருந்தது: மதியம் வெயில் விழும் பக்கத்துக் கடையில் யாரும் நின்று சந்தேகம் கேட்பதில்லை, வாங்கியதும் ஓடுகிறார்கள். இட அமைவு பற்றி நான் படித்த எதையும்விட எனக்கு அது பிடித்திருந்தது.

சில்லறை மருந்துக்கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். வராந்தாவில் சாக்பீஸால் இரண்டரைக்கு நாலு மீட்டர் கோடு போட்டு, பெஞ்சுகளை அலமாரியாக நிறுத்தி, ஃபிரிட்ஜுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடம் விட்டால், இரண்டு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் திரும்ப முடியாது. அது போதும், மேலே பேச வேண்டியதில்லை.

பேச்சுக்கு வருகிறேன். இங்கே என் திட்டமெல்லாம் கவிழ்ந்தது. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளைக் கவுண்டருக்குள் நிற்க வைத்து, மற்றவர்களை வாடிக்கையாளராக வரச் சொன்னேன். பாட்டியாக வந்தவள் கேட்டாள்: "ஏய்யா, முட்டுவலிக்கு ஒரு நாலு மாத்திரை தா, போன தடவை தந்தியே, செவப்பா." உள்ளே நின்ற பையன், "மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் வழங்க இயலாது" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவன் சொன்னது சரிதான். ஆனால் எந்தப் பாட்டியும் அந்தக் கடைக்கு மறுபடி வர மாட்டாள். அடுத்த தெருவில் கேட்காமல் கொடுப்பார்கள், அங்கே போவாள்.

அப்புறம் ஒரு பெண் போய் நின்றாள். படிப்பில் சுமார். அப்பா பெட்டிக்கடை வைத்திருக்கிறார், சின்ன வயதிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தவள். "பாட்டி, வயித்துல எரிச்சல் உண்டா? பிரஷர் மாத்திரை எதும் போடுறீங்களா? அந்தச் செவப்பு மாத்திரை வெறும் வயித்துல போட்டா குடலைப் புண்ணாக்கிரும். டாக்டர் ஒருக்கா பாக்கட்டும். அதுவரைக்கும் தேய்க்கிறதுக்கு இந்தத் தைலம் வெச்சுக்கோங்க, நாளைக்கு எப்படி இருக்குன்னு வந்து சொல்லணும்." மறுத்தும்விட்டாள், ஒன்றை விற்றும்விட்டாள், நாளைக்கு வரவும் வைத்துவிட்டாள். கற்றுக்கொடுக்கப் போன நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை கேட்டு வருபவர்களிடம் இவ்வளவு சுலபமில்லை. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத, கொடுத்தால் எழுதி வைத்தாக வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியல் 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைச் சட்டத் தொல்லையாகத்தான் நானும் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு கடைக்காரர் செய்வதைப் பார்த்தேன். சீட்டு இல்லாமல் கேட்பவர் முன்னால் அந்த நோட்டைத் திறந்து வைத்து, "டாக்டர் பேரு சொல்லுங்கண்ணே, எழுதணும்" என்பார், பேனாவோடு. சண்டை வராது. 'இல்லை' என்று சொல்லும் வேலையை நோட்டு பார்த்துக்கொள்ளும். இப்போது மாணவர்களுக்கு அந்த நோட்டும் பேனாவும் கொடுத்தே நடிக்க வைக்கிறேன்.

எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு தலைப்பும் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஒருவன் தனியாக வந்து கேட்பான்: "சார், சர்டிபிகேட்டை ஒரு கடைக்குக் குடுத்தா மாசம் அஞ்சாயிரம் தாராங்க. நான் வேற வேலைக்குப் போயிக்கலாம்லா?" பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருந்து வழங்கக் கூடாது என்று 1948-ம் வருடத்து மருந்தியல் சட்டம் 42-ம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் அந்தக் காகிதத்துக்கு விலை. நீதிபோதனை செய்து பார்த்தேன், எடுபடவில்லை. வீட்டில் கஷ்டம், ஐந்தாயிரம் பெரிய பணம். பிறகு அதையும் கணக்காகவே வைத்தேன். அந்தக் கடையில் இன்று தப்பாக ஒரு ஊசி மருந்து போகிறது. உரிமத்தில் யார் பெயர்? ஆய்வாளர் யாரைத் தேடுவார்? எச்1 நோட்டில் யார் கையெழுத்து இருக்க வேண்டும்? ஐந்தாயிரத்துக்கு நீ விற்பது காகிதத்தை இல்லை, யாரோ செய்யும் தப்புக்கு உன் தலையை. இதே தலையை நீயே கடையில் கொண்டுபோய் வைத்தால் பதினைந்தாயிரம் தருகிறார்கள். சிலர் கேட்டார்கள். கேட்காதவர்களும் இருக்கிறார்கள், என்னைப் பார்த்தால் எதிர் வரிசைக்குப் போய்விடுவார்கள்.

2025 பிப்ரவரி 24-ல் தமிழகம் முழுக்க, பிராண்ட் பெயர் இல்லாத ஜெனரிக் மருந்துகளை மலிவாக விற்கும் முதல்வர் மருந்தகங்கள் ஆயிரம் திறந்த பிறகு மாணவர்களின் கேள்வி மாறிவிட்டது. பட்டயமோ பட்டமோ படித்த தொழில்முனைவோருக்கு மூன்று லட்சம் மானியம், பாதி பணமாக, பாதி மருந்தாக. "நாங்களே போடலாமா சார்?" என்று கேட்கிறார்கள். போடலாம், ஏன் கூடாது. ஆனால் சதவீதத்தை ஒரு நிமிடம் மறந்துவிட்டு ரூபாயில் பாருங்கள் என்பேன். 100 ரூபாய் அட்டையில் 20 சதவீதம் 20 ரூபாய். அதே மாத்திரையின் ஜெனரிக் அட்டை 20 ரூபாய் என்றால் 20 சதவீதம் 4 ரூபாய். பில் போட ஆகும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். மலிவு விலைக் கடையில் தலைகள்தான் முதலீடு. அதற்கு மறுபடி டீக்கடையில் போய் உட்கார வேண்டும். சாதாரணக் கடையில் ஜெனரிக்கை வைத்துக்கொண்டு, டாக்டர் எழுதிய பிராண்டுக்குப் பதில் லாபம் கூடியதை மாற்றிக் கொடுக்கும் யோசனையும் சிலருக்கு வரும். சீட்டில் எழுதிய அட்டவணை எச் மருந்தை (சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் இருப்பது) கடைக்காரர் தானாக மாற்றக் கூடாது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சட்டம் ஏழை நோயாளிக்கு நல்லதா என்று வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. எனக்கும் அதில் முழு நிம்மதி இல்லை.

இப்போதைய 2020 பாடத்திட்டத்தில் பாடத்தின் பெயர் 'கம்யூனிட்டி பார்மசி அண்ட் மேனேஜ்மென்ட்'. பேரேடு சுருங்கி, நோயாளியிடம் பேசுவது பெருத்திருக்கிறது. நல்ல மாற்றம். படிப்பு முடித்து 500 மணி நேரம் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ பயிற்சி எடுக்க வேண்டும். பல இடங்களில் பிள்ளைகளை அலமாரி துடைக்கவும் டீ வாங்கவும் வைப்பார்கள். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை. அதனால் அலமாரி துடைக்கும்போதே செய்யக்கூடிய ஒரு வேலை கொடுத்தனுப்புகிறேன். துடைக்கிற ஒவ்வொரு தட்டிலும் மூன்று மாதத்துக்குள் தேதி முடிகிற மருந்துகளை எழுதி முதலாளியிடம் கொடு என்று. ஒரு பையன் நாலு நாளில் எழுதிய பட்டியலைப் பார்த்துவிட்டு முதலாளி அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டாராம்.

அந்த 71 மதிப்பெண் பையன் போர்டைக் கழற்ற மூன்று மாதம் எடுத்துக்கொண்டான். ஒரே நாளில் கழற்றினால் கடை நொடித்துவிட்டது என்று ஊர் பேசும் என்று பயம். முதலில் விலைக் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு மட்டும் தள்ளுபடியை நிறுத்தினான், பிறகு மாதாந்திர வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 5 சதவீதம் என்றாக்கினான். கொஞ்சம் கூட்டம் குறைந்தது. நகையை மீட்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. இப்போது வருடாவருடம் என் வகுப்புக்குக் காலாவதிப் பெட்டி அனுப்புவது அவன்தான், பட்டியலோடு. இந்த ஜூலையில் வந்த பெட்டியைக் கையில் வாங்கியதும் தெரிந்தது, கனமே இல்லை. திறந்தால் பதினாலு அட்டை, ஒரு சிரப். 24 பிள்ளைகளுக்கு இது எங்கே காணும்? வேறு கடை பார்க்க வேண்டும்.